நிழல் பட்டால் மூடும் விசிறி

முதலில் மன்னித்துக்கொள். நம் இருவரில் பேசியது எப்போதும் நீதான். நான் தலையாட்டுவேன், மிஞ்சினால் ஒரு "ம்". பதில் சொல்ல நீ இல்லாத நேரம் பார்த்து இப்படிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது நியாயமில்லைதான். "நீங்கள்" என்று தொடங்கி, அடித்து, "நீ" என்று மாற்றியிருக்கிறேன். அந்த அடித்தலைப் பார்த்தால் நீ சிரிப்பாய். வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதம் உன்னை நீங்க, வாங்க என்றே கூப்பிட்டேன். "இன்னொரு தடவ நீங்கன்னு சொன்னா உன் பிப்பெட் எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிருவேன்" என்று நீ மிரட்டிய பிறகுதான் மாறினேன்.

இன்று காலை ஒட்டடை அடிக்கக் காலண்டரைக் கழற்றினேன். அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த டிரிப் குழாய் கையோடு வந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, அதுதான். ஊசியை நீ எப்போதோ வெட்டிவிட்டாய். சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் சின்னச் சக்கரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. யாரும் பார்க்காதபோது நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. உன் மாடியறை வாசனை அப்படியே வந்தது.

தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசை. அடுக்குமாடிக்காரர்களின் டேங்கர் தண்ணீர், பள்ளிக்கூடத்து போர்வெல், ஓட்டல்காரர்களின் கேன். எல்லோர் வீட்டுத் தண்ணீரும் குப்பியில் ஏறி நம்மிடம் வரும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்க்கிறேன் என்றால் அம்மாவுக்கு விளங்கவே இல்லை. "தண்ணில பாக்கறதுக்கு என்னடி இருக்கு? வந்தா புடிச்சு வெக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

நீயோ நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மல்லேஸ்வரத்தில் உங்கள் வீட்டு மாடிக்குப் போய் மறுபடியும் தண்ணீரைப் பார்ப்பவள். சுத்திகரித்த தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து நீயே செய்த கடல். நான்கடி நீளக் கண்ணாடிக்குள் கற்கள், இரண்டு மீன்கள், சில நத்தைகள். "கடலே இல்லாத ஊர்ல நான் கடல் வெச்சிருக்கேன், வந்து பாரேன்" என்று பத்துத் தடவை கூப்பிட்ட பிறகு வந்தேன். செருப்பை வாசலில் விடுவதா, படிக்குக் கீழே விடுவதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீ அதை வாங்கி உன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாய்.

உன் சித்தி மகள் கல்யாணத்துக்குக் கடலூர் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "கடலையே பாக்காதவளோட எல்லாம் நான் ஃப்ரெண்டா இருக்க முடியாது." முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலை கடற்கரையில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். நண்டு கூடைக்குப் போனது. உடைந்த சங்கு, கல், பாசி எல்லாம் மணலில் விழுந்து காய்ந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நீ மண்டியிட்டுவிட்டாய். பட்டுப்புடவைதான் கட்டியிருந்தாய்.

"என்னம்மா தேடற? நகை எதனா வுழுந்துருச்சா?" என்றார் வலை உதறிய அக்கா.

"இது என்னக்கா?"

"எது, அதுவா? வலைக் குப்பை."

"பேரு?"

"குப்பைக்கு எவ பேரு வெப்பா?"

பென்சில் தடிமனில் சேறு பூசிய தோல் குழாய். ஒரு சங்குத் துண்டோடு ஒட்டியிருந்தது. நான் அதை ஏதோ செடியின் தண்டு என்று நினைத்தேன். உள்ளங்கையில் கடல்நீர் அள்ளி அதன் மேல் ஊற்றினாய். குழாயின் வாய் மிக மெதுவாக ஒருமுறை சுருங்கியது. அந்த ஒரு அசைவுக்கு நீ போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது.

"எடுத்துக்கலாமாக்கா?"

"வேண்டிய மட்டும் அள்ளிக்க. கொழம்பு வெக்கவா?"

"வளக்கக்கா, பெங்களூர்ல எங்க வீட்ல."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். "அடியே, இங்க வாங்கடி, பெங்களூர்ல வலைக் குப்பைய வளக்கறாங்களாம்!"

ஆறு குழாய்கள் கிடைத்தன. இரண்டை மட்டும் வாளியில் போட்டாய். "எடுக்கறது நம்ம ஆசைக்குடி. தொட்டி தாங்கற அளவுக்குத்தான் எடுக்கணும். மத்ததக் கொண்டுபோய் விடு." நான்கையும் துப்பட்டாவில் ஏந்திக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீருக்குள் போனேன். வாழ்க்கையில் முதல்முறை கடலுக்குள் இறங்கியது அப்படித்தான். கால் நனைக்க அல்ல, யாரையோ வீட்டில் கொண்டுபோய் விட.

திரும்பி வரும்போது தெர்மோகோல் பெட்டி என் மடியில். உள்ளே காற்றுக் குமிழ் விடும் பேட்டரி மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரித்தது. பெங்களூருக்குச் சற்று முன், அத்திபெலே தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது, முன்னால் ஒரே லாரி. மதிய வெயில் நேராக என் மடியில். பெட்டிக்குள் தண்ணீர் சூடானால் கதை முடிந்தது என்று நீ நகம் கடித்தாய். நான் என் துப்பட்டாவைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பெட்டியைச் சுற்றினேன். நீ ஆச்சரியமாகப் பார்த்தாய். மார்க்கெட்டுக்கு அப்பா கீரைக்கட்டு கொண்டுபோவது அப்படித்தான், ஈரச் சாக்கு சுற்றி. கண்டக்டர் வந்து பெட்டியில் என்ன என்று கன்னடத்தில் கேட்டார். "ஹுளா சார், ஹுளா" என்றாய் நீ. புழுவாம். அந்தத் தோல் குழாய்க்குள் குடியிருந்தது உண்மையில் ஒரு கடல்புழுதான். அவர் நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "ஹுளக்கெ டிக்கெட் பேடா, கூத்கொள்ளி" என்றார். புழுவுக்கு டிக்கெட் வேண்டாம், உட்காருங்கள். பஸ்ஸே சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன் என்று பிறகு நீ சொல்லித்தான் தெரிந்தது.

இந்த டிரிப் குழாயை வாங்கினது அன்றைக்குத்தான். மெடிக்கல் ஷாப்காரர் "பேஷண்டுக்கு என்ன வயசு?" என்று கேட்க, "தெரியாது சார், ரெண்டு பேரு, ரெண்டு பேரும் பேச மாட்டாங்க" என்றாய்.

கடலூரில் அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாளித் தண்ணீரை உப்பு அளக்கும் மானியில் வைத்துப் பார்த்தோம். 1.020. உன் தொட்டியில் 1.025. எண்ணில் ஒன்றுமில்லாத வித்தியாசம், உடம்புக்கோ வேறு ஊர். சட்டென்று மாற்றினால் தாங்காது. ஆகவே உன் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விழவிட்டோம். நீ அரைமணி நேரத்தில் பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாய். வினாடிக்கு இரண்டு சொட்டு என்று சக்கரத்தைத் திருகிவிட்டு மூன்று மணி நேரம் நான் எண்ணினேன். சலிக்கவே இல்லை. ஒரு பிராணி இருந்த இடத்திலேயே, அதற்குத் தெரியாமல், வேறு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

எழுந்ததும் குழாய்களை வாய் மேலே இருக்கப் பிடித்து, உள்ளே அடைத்திருந்த காற்று கடைசிக் குமிழ் வரை வெளியேறுமட்டும் காத்திருந்தாய். பிறகும் பெரிய தொட்டிக்குப் போகவில்லை. முதலில் பத்து லிட்டர் தனித்தொட்டியில் வைத்தோம். கடலிலிருந்து வருவது தனியாக வராது என்றாய். சரிதான். மறுநாள் சங்கின் மடிப்பிலிருந்து மிளகு அளவில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

மூன்று நாள் இரண்டும் மூடியே இருந்தன. நான்காம் நாள் ஞாயிறு. நீ குளிக்கப் போயிருந்தாய். பெரிய குழாயின் வாயில் நனைந்த தூரிகை போல ஏதோ எட்டியது. பிறகு விரிந்தது. இரண்டு அடுக்கு விசிறி, காப்பி நிறம், ஒவ்வொரு இழையிலும் வெள்ளை வளையங்கள். சேற்றுக்குள் இத்தனை நாள் இதை மடித்து வைத்திருந்ததா? எனக்குக் கத்தத் தெரியவில்லை. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். நீ தலையில் துண்டோடு வந்து குனிந்தாய். விளக்குக்கும் தொட்டிக்கும் நடுவில் உன் தலை. கண் சிமிட்டும் முன் விசிறி உள்ளே போய்விட்டது.

"எங்கடி?"

"இப்ப இருந்துது."

"பொய் சொல்லாத!"

பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகும் எத்தனை நாள் அதே கதை. நீ எப்போதும் ஆசை தாங்காமல் நடுவில் போய் நிற்பாய், அது மூடிக்கொள்ளும். நான் இடப்பக்கம் அலமாரியை ஒட்டி நிற்பேன், திறந்தே இருக்கும். "அது எப்படி உனக்கு மட்டும் திறக்குது?" என்று சண்டைக்கு வந்தாய். எனக்கு அதில் வித்தை ஒன்றுமில்லை. பஸ்ஸில், வகுப்பில், அடுத்தவர் வீட்டில் யார் மேலும் நிழல் படாமல் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஒரு நல்லது நடந்தது அந்தத் தொட்டி முன்னால்தான்.

கண் என்று சொல்லும்படி ஒன்றுமில்லாததற்கு நிழல் எப்படித் தெரிகிறது? அந்த ஒரு கேள்விக்காக நோட்டுப் போட்டோம். வெள்ளைத் தாளின் நிழல், கையின் நிழல், மின்விசிறியின் நிழல். தொடர்ந்து ஐந்தாறு முறை கையை ஆட்டினால் பெரியது பயப்படுவதை நிறுத்திவிடும். சின்னது நிறுத்தவே நிறுத்தாது. "பாரு, இதுதான் நீ" என்று சின்னதைக் காட்டினாய். கோபித்துக்கொள்ள நினைத்தேன். ஆனால் நோட்டில் அதன் பெயரை நீ ஏற்கெனவே என் பெயராக எழுதியிருந்தாய். பெரியதற்கு உன் பெயர். மொட்டைமாடியில் பாட்டில்களில் நுண்பாசி வளர்த்து, அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் இருவருக்கும் ஊட்டினோம்.

இனி எழுதப் போவதை நீயும் நானும் ஒரே ஒரு தடவைதான் பேசினோம்.

நீ அண்ணனோடு மைசூர் போன இரண்டு நாள், தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சாவியைக் கொடுத்தாய். முதல் நாளே பெரியதின் விசிறி உதிர்ந்து மணலில் கிடந்தது. தண்ணீரைச் சோதித்தேன். ஏதாவது செத்து அழுகும்போது வரும் அம்மோனியா ஏறியிருந்தது. எண் சொன்னால் அதற்குமேல் கேள்வி இல்லை, அதுதானே நம் தொழில். செத்தது கெட்டு மற்றதையும் கொல்லும் என்று குழாயைப் பிடுங்கி, தாளில் சுற்றி, ஈரக் குப்பையில் போட்டேன். காலையில் குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது.

நீ வந்ததும் கேட்டாய். "எங்க?"

"செத்துடுச்சு."

"உடம்பப் பாத்தியா?"

நான் உன் சாவியை எடுத்து நீட்டினேன்.

"விசிறிதான உதிர்ந்துது? அது திரும்ப முளைக்கும்டி. பயந்தா உதிர்க்கும், உள்ள உக்காந்து புதுசா செய்யும். உடம்பப் பாத்தியா?"

இரண்டு நாள் கழித்து, வடிகட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்த நத்தை அகப்பட்டது. அம்மோனியா அதனுடையது. பிடுங்கும்போது அந்தக் குழாய் என் விரலுக்கு விறைப்பாகத்தான் இருந்தது, தொய்ந்திருக்கவில்லை. உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஊருக்குப் போனவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போடவில்லை. இந்த இரண்டையும் அன்று உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீ திட்டவும் இல்லை. மதியம் உன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாய். "விடு. இனிமே உடம்பப் பாக்காம முடிவு பண்ணாத" என்றாய்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் கையில் அதே குழாய், அதே சக்கரம். என் கண் தானாகச் சொட்டை எண்ணத் தொடங்கியதை நீ பார்த்துவிட்டாய். உதடு வெடித்திருந்தது, ஆனாலும் சிரித்தாய். "வினாடிக்கு ரெண்டா? என்னை எந்தத் தொட்டிக்குடி பழக்கறாங்க?" நானும் சிரித்தேன். ஒரு பதில் யோசித்து மறுநாள் சொல்லலாம் என்று போனேன். மறுநாள் உன்னைப் பார்க்க விடவில்லை. ஆறாம் நாள் நீ இல்லை.

அன்று உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். மாடிப்படி முழுக்க உங்கள் உறவுக்காரர்கள். நான் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? கூட வேலை செய்பவள் என்று சொன்னால் போதுமா? செருப்பைக் கையில் பிடித்தபடி கேட் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கி வைக்க ஆள் இல்லை. உன்னைக் கீழே கொண்டுவரும் வரைகூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து உன் அண்ணன் போன் செய்தார். தொட்டியை ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம், ஆய்வகத்துப் பொருள் ஏதாவது இருந்தால் வந்து எடுத்துப் போகச் சொன்னார். நான் போனபோது மீன்கள் போயிருந்தன, பாதித் தண்ணீர் இறங்கியிருந்தது. சின்னதின் விசிறி மணலில் உதிர்ந்து கிடந்தது. அண்ணன் இடுக்கியால் குழாயைப் பற்றினார். "இதுவும் போயிடுச்சு போல" என்று குப்பைப் பை பக்கம் திரும்பினார்.

"அண்ணா, உடம்பப் பாத்தீங்களா?"

அது என் குரல் என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அத்தனை பெரிதாக உங்கள் வீட்டில் நான் பேசியதே இல்லை. அண்ணன் கை அப்படியே நின்றது. கதவருகே உன் அம்மா. நான் போய்க் குழாயை வாங்கித் தண்ணீருக்குள் இறக்கி, இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். விறைப்பாக இருந்தது. உள்ளே ஏதோ ஒரு நூல் அளவு பின்வாங்கியது.

"உயிரோட இருக்கும்மா. எனக்குக் குடுத்துடறீங்களா?"

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டேன். உன் அம்மா உள்ளே போய், நெயில் பாலிஷால் உன் பெயர் எழுதிய பெரிய டிபன் டப்பாவைக் கொண்டுவந்தார். நான் தண்ணீரோடு அதில் குழாயைக் கிடத்தும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு நீ மேல வரவேல்லையேம்மா, உன்னத் தேடினேன்" என்றார். உன் அண்ணன் அந்தப் பத்து லிட்டர் தொட்டியையும் டிரிப் குழாயையும் சிவாஜிநகர் வரை கொண்டுவந்து எங்கள் சந்து முனையில் இறக்கிக் கொடுத்தார்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும், ஒரு அறையும் சமையல்கட்டும். தையல் மிஷின் மேல்தான் தொட்டிக்கு இடம். காலண்டர் ஆணியில் டிரிப் குழாயைத் தொங்கவிட்டு அன்று மறுபடியும் சொட்டு எண்ணினேன்.

"யாருக்குடி டிரிப் ஏத்தற?" என்றாள் அம்மா.

"புழுவுக்கும்மா."

"எந்த ஊட்லயாவது புழு இருந்தா தொரத்துவாங்க. பைப்புக்குச் சோறு ஊட்டறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

அப்பா எழுந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவரும் சொட்டு எண்ணினார்.

நாளுக்கு ஒருமுறை தண்ணீர் சோதித்தேன், பச்சைத் தண்ணீர் ஊட்டினேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. குழாய் மூடியே இருந்தது. ஒரு வாரம், இரண்டு, மூன்று. அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். பிடுங்கிப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை. பிறகு ஒரு காலை, நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் பைப்புல பூ வந்துருக்குது பாரு."

பழையதில் பாதிதான் இருக்கும். நிறம் வெளிறி, வளையங்கள் இன்னும் தெளியாமல், ஒரு பக்கம் கொஞ்சம் குட்டையாக. ஆனால் விசிறிதான். அப்பா இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று ஜன்னலை மறைத்துக் குனிந்தார். சட்டென்று உள்ளே போனது. "அய்யோ, என்ன பண்ணிட்டேன் நான்?" என்று அவர் பதறினதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

இப்போது அது நன்றாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பத்து மணி வாக்கில் தையல் மிஷினுக்கு வரும், அப்போது முழுக்க விரியும். நோட்டைத் தொடர்கிறேன். நம் நிழல் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை, ஆனால் வேறு நான்கு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. ஆய்வகத்தில் எண்ணை மட்டும் பார்த்து யாராவது முடிவு சொன்னால், குப்பியைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். சத்தமாகவே கேட்கிறேன். போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். செருப்பை உன் செருப்பு இருந்த இடத்தில் விட்டேன்.

கேட்க வந்ததைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். உடம்பைப் பார்க்காமல் முடிவு பண்ணாதே என்றாய். உன்னை நான் பார்க்கவில்லை. அதனால் இன்னும் முடிவு பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், நான் மட்டும்தான். மின்விசிறியை நிறுத்திவிடுவேன், ஜன்னல் திரையைக் கட்டிவிடுவேன், மூச்சையும் மெதுவாக விடுவேன். ஒரே ஒரு தடவை, வழக்கம்போல ஆசை தாங்காமல், வெளிச்சத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து குனியேன். அது சட்டென்று உள்ளே போகட்டும். நான் இடப்பக்கம் ஒதுங்கித்தான் நிற்பேன்.